வேலைக்குப் போன கை முழுசாகத் திரும்பி வரணும்

(நம் கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டம் சிதம்பரத்தில் நடந்தபோது நிர்வாகிகள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



விடியற்காலையிலேயே சோறாக்கி வைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து மீன் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறீர்கள். குமராட்சி, காட்டுமன்னார்கோயில் பக்கம் நடவு வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறீர்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரி ஷெட்டுக்கு லீவு சொல்லிவிட்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள். ஒரு நாள் கூலியை விடுவது லேசான காரியம் இல்லை. அதனால் சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, தவணை பாக்கி யாருக்கு என்றுதான் பேசுவோம். இன்றைக்கு நாம் வேலைக்குப் போகிற இடத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். ஆனால் அதையும் நம் கடன் பேரேட்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

பேரேட்டில் ஒரு வார்த்தை

தணிக்கைக்காகப் பழைய கணக்குகளை எடுத்துப் புரட்டினோம். ஒரு குழுவின் உள்கடன் பேரேட்டில் ஒரு வரி கண்ணில் பட்டது. உறுப்பினர் பெயர், தேதி, தொகை 15,000 ரூபாய். நோக்கம் என்ற இடத்தில் 'மருத்துவம்' என்று ஒரே வார்த்தை. 20 தவணை. நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி. ஒரு தவணைகூடத் தவறவில்லை. தணிக்கைக்கு வந்தவர் 'நல்ல குழு' என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அந்த உறுப்பினரை நம்மில் பலருக்குத் தெரியும். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு 35 வயது. ஒரு முந்திரி ஷெட்டில் கொட்டை உடைக்கிற மிஷினில் வேலை. அந்த மிஷினின் பெல்ட்டுக்கு மூடி கிடையாது. கீழே வழிந்து கிடந்த எண்ணெயில் கால் வழுக்கியது. விழாமல் இருக்கக் கையை ஊன்றினார். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

மேஸ்திரி வண்டியில் ஏற்றித் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போகிற வழியிலேயே, "டாக்டர் கேட்டா வீட்டுல நடந்துச்சுன்னு சொல்லும்மா. போலீஸு கேஸுன்னா உனக்குத்தான் அலைச்சல்" என்று சொல்லிவிட்டார். வலியில் துடித்தவர் அப்படியே சொன்னார். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அப்படியே எழுதிவிட்டார்கள். முதலாளி வீட்டிலிருந்து 3,000 ரூபாய் வந்தது. மீதிச் செலவுக்குத்தான் நம் குழுவில் கடன்.

குழு அன்றைக்கே அவசரக் கூட்டம் போட்டுப் பணம் கொடுத்தது. அது நல்ல காரியம்தான். ஆனால் இன்னொன்றும் செய்தோம். அவரைப் பார்க்கப் போனபோது நாங்களே கேட்டோம்: "பார்த்து வேலை செய்யக்கூடாதாம்மா?" அவர் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மூடி இல்லாத மிஷினை ஓட்டியவரை நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விரல் போனவரைத்தான் கேட்டோம். அதோடு, போன விரலுக்கு 20 மாதம் வட்டியும் வாங்கினோம்.

அதற்குப் பிறகு பேரேட்டில் 'மருத்துவம்' என்று எழுதியிருந்த மற்ற கடன்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தோம். பிரசவம், காய்ச்சல், மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று பல இருந்தன. ஆனால் சித்தாள் வேலையில் சாரத்திலிருந்து விழுந்தது ஒன்று. ஐஸ் போட்ட மீன் பெட்டி காலில் விழுந்தது ஒன்று. வேலைக்கு ஆட்களை ஏற்றிப் போன குட்டியானை வண்டி கவிழ்ந்தது ஒன்று. எல்லாம் 'மருத்துவம்' என்ற ஒரே வார்த்தைக்குள் மறைந்து கிடந்தன. வேலை கொடுத்தவர் கொடுக்க வேண்டிய பணத்தை, நாம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த சேமிப்பிலிருந்து நமக்கு நாமே கடனாகக் கொடுத்து, வட்டியும் கட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

யாருடைய கவனக்குறைவு?

விபத்து என்றால் உடனே இரண்டு பேச்சு வரும். ஒன்று, 'அவளுக்குக் கவனம் போதாது'. இன்னொன்று, 'தலையெழுத்து'. நம் மாவட்டத்தில் நடந்தவற்றைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

2020 செப்டம்பர் 4. காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் குருங்குடி. பட்டாசு தயாரிக்கிற இடத்தில் வெடி விபத்து. கட்டடம் தரைமட்டம். ஏழு பெண்கள் அன்றைக்கே இறந்தார்கள். நடத்திவந்த அம்மாவும் அதில் ஒருவர். இறந்தவர் எண்ணிக்கை பிறகு இன்னும் கூடியது. எல்லாரும் நம்மைப் போலக் காலையில் சோறு கட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர்கள். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, 2022 ஜூன் மாதம் கடலூர் அருகே எம்.புதூரில் இன்னொரு பட்டாசு விபத்து. மூன்று பேர் இறந்தார்கள்.

நெய்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மே மாதம் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் விபத்து. இரண்டு மாதம் முடிவதற்குள், ஜூலை 1-ஆம் தேதி அதே அனல்மின் நிலையத்தில் மறுபடியும் விபத்து. கடலூர் சிப்காட்டில் 2021 மே 13-ஆம் தேதி ஒரு ரசாயன ஆலை விபத்தில் நான்கு பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் அதே சிப்காட் பக்கம் குடிகாட்டில் ஓர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து, பக்கத்துக் குடியிருப்புக்குள் தண்ணீர் புகுந்தது. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் காயம். தூங்குகிறவர் என்ன கவனக்குறைவு செய்தார்?

இவர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரித் தலையெழுத்து என்று சொல்ல முடியுமா? ஒரே மாதிரி விபத்து திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால் அதற்கு ஒரே மாதிரிக் காரணம் இருக்கிறது என்று அர்த்தம்.

பட்டாசு மருந்துக்கு உரசலும் சூடும் ஆகாது. அதனால்தான் ஓர் அறையில் இவ்வளவு மருந்துதான் இருக்கலாம், இத்தனை பேர்தான் உட்காரலாம், ஓர் அறைக்கும் இன்னொரு அறைக்கும் இவ்வளவு இடைவெளி வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அந்த அளவை மீறினால், ஒருத்தி கையில் நடக்கிற சின்னத் தவறு பக்கத்தில் இருக்கிற அத்தனை பேரையும் கொண்டுபோய்விடும். அளவோடு இருந்தால் அதே தவறு ஓர் அறையோடு நின்றுவிடும்.

மனுஷி என்றால் சாயங்காலம் நாலு மணிக்குக் கண் அசரும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மனசு வீட்டில் இருக்கும். இது எல்லாருக்கும் உள்ளதுதான். அதனால்தான் பெல்ட்டுக்கு மூடி வேண்டும். நம் வீட்டுக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டாமல் விட்டுவிட்டு, விழுந்த பிள்ளையைப் 'பார்த்து நடக்கக்கூடாதா' என்று திட்டுவோமா? சுவர் கட்டுவது பெரியவர்கள் பொறுப்பு. வேலை செய்கிற இடத்துக்குச் சுவர் கட்டுவது வேலை கொடுக்கிறவர் பொறுப்பு.

முந்திரி உடைக்கிற அக்காமார்களுக்கு ஒன்று தெரியும். கொட்டை ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்து, கொப்பளித்து, கறுத்துப்போகும். சாம்பலைப் பூசிக்கொண்டும் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டும் காலம் தள்ளுகிறோம். "கையுறை போட்டுக்கிட்டா என்ன?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கையுறை போட்டால் கை ஓடாது. கிலோ கணக்கில் கூலி. கை ஓடாவிட்டால் கூலி குறையும். அதாவது பாதுகாப்புக்கு விலையை நம் கூலியிலிருந்து பிடிக்கிறார்கள். இதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. கூலிக் கணக்கு அப்படி இருக்கிறது. கையோடு ஒட்டிய நல்ல கையுறை, போதுமான எண்ணெய், சோப்பு, கை கழுவத் தண்ணீர், போட்டுக்கொண்டு வேலை செய்தாலும் வயிறு நிறையும்படியான கூலி விகிதம், இவை எல்லாம் சேர்ந்தால்தான் அது பாதுகாப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

பயப்படாதீர்கள், நீளமாகப் பேச மாட்டோம். நாலு விஷயம் தெரிந்தால் போதும்.

முதல் விஷயம். வேலை செய்கிற இடத்தில், வேலை காரணமாக அடிபட்டால் வேலை கொடுத்தவர் இழப்பீடு தரவேண்டும். இது 1923-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இருந்தது. இப்போது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. 'உன் கவனக்குறைவால் நடந்தது, அதனால் ஒன்றும் கிடையாது' என்று சொல்ல இந்தச் சட்டத்தில் இடம் இல்லை. குடித்துவிட்டு வேலை செய்தது, கொடுத்த பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றிப் போட்டது போன்றவைதான் தட்டிக்கழிக்கக் காரணம். உயிர் போனாலோ நிரந்தரமாக முழுதும் முடங்கிப்போனாலோ அந்தக் காரணங்களும் செல்லாது.

இரண்டாவது விஷயம், தொகை. நம் உறுப்பினர் கதைக்கே வருவோம். மாதக் கூலி 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 60 சதவீதம் 5,400. அதை 35 வயதுக்குச் சட்டம் வைத்திருக்கிற 197.06 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். சுமார் 10 லட்சத்து 64 ஆயிரம் வரும். ஒரு கையில் இரண்டு விரல் போனதற்கு அதில் 20 சதவீதம். ஆக ஏறத்தாழ 2 லட்சத்து 12 ஆயிரம் ரூபாய். வைத்தியச் செலவு தனி. அவருக்குக் கிடைத்தது எவ்வளவு? 3,000. மீதிக்கு நம்மிடம் கடன்.

10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடம் என்றால், மாதம் 21,000 ரூபாய் வரை கூலி வாங்குகிறவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. இருந்தால் வைத்தியமும் இழப்பீடும் அங்கிருந்து வரும். 'எனக்கு ஈ.எஸ்.ஐ. நம்பர் இருக்கா?' என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது விஷயம். புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியிலும், வேலை முடிந்து திரும்புகிற வழியிலும் நடக்கிற விபத்துக்கும், வேலையோடு தொடர்பு இருப்பதைக் காட்டினால் இழப்பீடு கேட்கலாம். குட்டியானை வண்டியில் நின்றுகொண்டே போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். ஆனால் இழப்பீடு கிடைக்கும் என்று நின்றுகொண்டு போகாதீர்கள்.

நான்காவது விஷயம். ஆபத்தைப் பற்றிக் கேட்பது உரிமை. அதே நாளில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு இதைச் சொல்கிறது. உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வரும் என்று நியாயமான பயம் இருந்தால் வேலை கொடுக்கிறவரிடமும் சொல்லலாம், அதே நேரத்தில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். வேலைக்குச் சேர்ப்பவர்களுக்கு நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றும் இந்தச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது.

அப்படியானால் நம் உறுப்பினர் இப்போது கேட்கலாமே என்பீர்கள். விபத்து நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். அவர் விஷயத்தில் கெடு தாண்டிவிட்டது. தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னித்து மனுவை ஏற்கலாம். ஆனால் ஆதாரம்? ஷெட்டில் வேலை செய்ததற்கு அட்டை இல்லை. கூலிச் சீட்டு இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'வீட்டில் நடந்தது' என்று இருக்கிறது. அந்த நாளில், அந்தத் தேதியில் எழுதப்பட்ட இன்னொரு காகிதம் நம் பேரேடு மட்டும்தான். அதில் நாம் எழுதியது 'மருத்துவம்'. 'முந்திரி ஷெட்டில் மிஷின் பெல்ட்டில் கை மாட்டி இரண்டு விரல் போனது' என்று ஒரு வரி எழுதியிருந்தால், ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்துப் போட்ட ஒரு சாட்சி இன்றைக்கு அவர் கையில் இருந்திருக்கும். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டது நாம்தான்.

ஒருத்தி கேட்டால், பத்துப் பேர் கேட்டால்

உங்கள் மனசில் ஓடுவது எங்களுக்குத் தெரியும். 'கேட்டா, நாளையிலிருந்து வராதேன்னு சொல்லிடுவாங்களே?' நியாயமான பயம். ஒருத்தி கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள்.

வங்காள தேசத்தில் டாக்கா பக்கம் ராணா பிளாசா என்று ஒரு எட்டு மாடிக் கட்டடம். துணி தைக்கிற கம்பெனிகள் அதில் இருந்தன. 2013 ஏப்ரல் 23-ஆம் தேதி சுவரில் பெரிய வெடிப்பு விட்டது. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது. தையல் வேலைப் பெண்களை மட்டும் மறுநாள் வரச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் போய்விடும் என்ற பயத்தில் உள்ளே போனார்கள். 24-ஆம் தேதி காலை கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். வெடிப்பு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. 'நாங்கள் உள்ளே வரமாட்டோம்' என்று ஒன்றாகச் சொல்ல அவர்களுக்கு அங்கே சங்கம் இல்லை. அதன் பிறகுதான் தொழிற்சங்கங்களும் துணி வாங்கும் பெரிய கம்பெனிகளும் கையெழுத்துப் போட்டு, ஆலைக் கட்டடங்களைச் சோதிக்க ஓர் ஒப்பந்தம் வந்தது.

நமக்குச் சங்கம் இருக்கிறது. வாரம் தவறாமல் கூடுகிறோம். பாங்கி வாசலில் நிற்கவே கூச்சப்பட்ட நாம் இன்றைக்கு மேனேஜரிடம் உட்கார்ந்து பேசுகிறோம். அது ஒருத்தியாகப் போனதால் வந்த தைரியம் இல்லை.

உள்ளூரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கடலூரிலிருந்து சிதம்பரம் வருகிற ரோட்டில் சிப்காட் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வோம். அந்தப் பகுதிக் கிராமத்து மக்கள் பல வருஷமாக 'நாத்தம் தாங்கலை, கண்ணு எரியுது' என்று சொல்லிப் பார்த்தார்கள். வாய்ப்பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2004-இல் அவர்கள் 'சிப்காட் பகுதி சமுதாயச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்' என்று ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். எந்த நேரம், என்ன மாதிரி நாற்றம், எந்தப் பக்கத்துக் காற்று என்று நோட்டில் எழுதினார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். காற்றில் நச்சு ரசாயனம் இருப்பது காகிதத்தில் வந்தது. அவர்கள் எல்லாரும் நம்மைப் போன்ற கிராமத்து ஜனங்கள்தான். எழுதி வைத்ததால் அவர்கள் பேச்சுக்குப் பலம் வந்தது.

நம் குழுக்களிலும் ஒரு சின்ன முயற்சி நடந்தது. ஒரே ஷெட்டில் வேலை செய்கிற மூன்று குழு உறுப்பினர்கள் சேர்ந்து போனார்கள். சத்தம் போடவில்லை. ஒரு தாளில் நான்கு கோரிக்கை எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். கைக்குத் தடவ எண்ணெயும் சோப்பும், முதலுதவிப் பெட்டி, பெல்ட்டுக்கு மூடி, கையுறையோடு வேலை செய்தால் கூலி குறையாதபடி விகிதம். முதலாளி முதல் நாள் கோபப்பட்டார். ஒரு வாரம் கழித்து எண்ணெய், சோப்பு, முதலுதவிப் பெட்டி வந்தன. ஒரு மாதத்தில் மூடி வந்தது. கூலி விகிதம் இன்னும் மாறவில்லை. நான்கில் மூன்று. யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. அதனால்தான் முதலில் சின்னதைக் கேளுங்கள், சேர்ந்து கேளுங்கள், எழுதிக் கேளுங்கள் என்கிறோம்.

வெளியே தெரியாத காயம்

ரத்தம் வந்தால்தான் காயம் என்று இல்லை. மேஸ்திரியின் கெட்ட பேச்சு, சூப்பர்வைசர் கை படுகிற இடம், 'தனியா வந்து பாரு' என்கிற சாடை, இவையும் வேலையிடத்து ஆபத்துதான். இதற்கு 2013-இல் தனிச் சட்டம் வந்தது. 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். 10 பேருக்குக் குறைந்த இடம் என்றாலோ, முதலாளி மேலேயே புகார் என்றாலோ, மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் கொடுக்கலாம். வீட்டு வேலை செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவசரத்துக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

இதில் நாம் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு. வந்து சொல்கிறவளிடம் 'நீ ஏன் அங்க போனே?' என்று கேட்கக்கூடாது. அதுவும் 'பார்த்து வேலை செய்யக்கூடாதா' என்பதும் ஒரே கேள்விதான்.

துணிக்கடையில் வேலை செய்கிற நம் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு சேதி. நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்குகிறது, இடுப்பு வலிக்கிறது. 2021-இல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

இனி என்ன செய்யப் போகிறோம்?

சகோதரிகளே, புதிதாக ஒரு திட்டம், ஒரு நிதி, ஒரு பயிற்சி என்று எதுவும் கேட்கவில்லை. ஏற்கெனவே நம் கையில் இருக்கிற நோட்டும் பேனாவும் போதும். இந்தப் பொதுக்குழுவின் முன் ஐந்து தீர்மானங்களை வைக்கிறோம்.

1. ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் சேமிப்பு வசூலித்த பிறகு ஊக்குநர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இந்த வாரம் வேலை செய்ற இடத்துல யாருக்காவது என்னாச்சு?" அடிபட்டது மட்டும் இல்லை, அடிபடாமல் தப்பித்ததையும் சொல்ல வேண்டும். இன்றைக்கு வழுக்கித் தப்பித்த இடத்தில்தான் நாளைக்கு ஒருத்தி விழுவாள்.

2. சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். தேதி, நேரம், இடம், என்ன வேலை, என்ன நடந்தது, யார் பார்த்தது. கடன் பேரேட்டில் 'மருத்துவம்' என்று மட்டும் இனி எழுதக் கூடாது. எங்கே, எப்படி என்று சேர்த்து எழுத வேண்டும்.

3. வேலையிடத்தில் அடிபட்டவரை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். அவசரம் என்றால் 108. கூடவே குழுவிலிருந்து ஒருவர் போக வேண்டும். எங்கே, எப்படி அடிபட்டது என்று டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். எந்தச் சீட்டையும் தொலைக்காமல் வைக்க வேண்டும். வெற்றுத் தாளில் கைநாட்டோ கையெழுத்தோ போடக் கூடாது.

4. வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் ஒரு சின்ன நோட்டில் எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி, யாரிடம் வாங்கியது என்று எழுதி வைக்க வேண்டும். எழுதத் தெரியாத சின்னம்மாவுக்கும் ஆயாவுக்கும் பிள்ளைகள் எழுதித் தரட்டும். நல வாரியத்தில் பதியாதவர்கள் பதிந்துகொள்ள வேண்டும். வீட்டிலேயே முந்திரி வாங்கி வந்து உடைப்பவர்களுக்கு வேலை கொடுத்தவர் யார் என்று நிரூபிப்பதே கஷ்டம். அவர்களுக்கு இந்த நோட்டும் வாரியப் பதிவும் ரொம்ப முக்கியம்.

5. இழப்பீடு கேட்க வேண்டி வந்தால் தனியாக அலையவிடக் கூடாது. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. கடலூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, சிதம்பரம் கோர்ட்டில் வட்டச் சட்டப் பணிகள் குழு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். கூட்டமைப்பிலிருந்து ஒருவர் கூட வருவோம்.

கடைசியாக ஒன்று. விரல் இழந்த நம் உறுப்பினர் இன்றைக்கு இந்தக் கூட்டத்தில் உங்களோடு உட்கார்ந்திருக்கிறார். சட்ட உதவிக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். கிடைக்குமா கிடைக்காதா என்று உறுதி சொல்ல முடியாது. அவரோடு வேலை செய்த இரண்டு பேர் சாட்சி சொல்ல முன்வந்திருக்கிறார்கள். இந்தப் பேச்சைத் தயாரித்தபோது அவரிடம் படித்துக் காட்டினோம். கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: "எனக்குக் கெடைக்கலைன்னாலும் பரவால்ல. அடுத்து ஒருத்திக்கு இப்படி ஆச்சுன்னா, அவள முதல்ல 'பார்த்து செய்யக்கூடாதா'ன்னு மட்டும் கேக்காதீங்க."

அந்த வார்த்தையை நாங்கள் அவரிடம் இனி திரும்ப எடுக்க முடியாது. ஆனால் இனிமேல் யாரிடமும் சொல்லாமல் இருக்க முடியும். இந்த ஐந்து தீர்மானங்களையும் ஏற்றுக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்.



(ஐந்து தீர்மானங்களும் ஒருமனதாக நிறைவேறின. குழு ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் அடுத்த கூட்டத்திலேயே முதல் கேள்வியைக் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்.)